மடையான் வீடு

பெண் பார்க்க வந்தவர்கள் ஹலீம் நானாவின் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தி, ஆண்டியப்பன் வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பள்ளக் கணக்கு என்கிற பிரிவில் கடை என்று இருப்பது அது ஒன்றுதான். அங்கே யார் வீட்டில் எத்தனை பல் முளைத்தது என்பதுவரை நானாவுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் மனிதர் விழித்தார். கடைக்குள் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆண்டியப்பன்னு இங்க... கவ்வாத்து வெட்டின ஆளா? மக அட்டன்ல மருந்துக் கடையில வேலையா?"

"ஆமாங்க, அவுங்கதான்," என்றாள் ஆட்டோவில் இருந்த மாப்பிள்ளையின் தாய்க்காரி.

"அட, நம்ம மடையானையா கேக்கிறீங்க! அத முதல்லயே சொல்லியிருக்கலாமே. நேரா போங்க, கோயில் தாண்டி வலது பக்கம் கீழ எறங்குங்க. யாருகிட்டயாச்சும் மடையான் வீடுன்னு கேளுங்க, சின்னப்புள்ள கூடக் காட்டும்."

நானா நல்ல மனதோடுதான் சொன்னார். வந்தவர்களும் அவர் சொன்னபடியே வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் "மடையான் வீடா? அந்தா!" என்று கை காட்டினார்கள். மேல் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் "மடையான் வீட்டுக்கு மாப்புள வந்திருக்கு!" என்று கத்திக்கொண்டே ஆட்டோவின் பின்னால் ஓடி வந்தன. வீட்டுக்குள் கண்ணாடியின் முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்த சுலக்ஷனாவின் காதில் அது தெளிவாக விழுந்தது.

வந்தவர்கள் தலவாக்கலைப் பக்கத்து ஆட்கள். பையன் நிரோஷன், தொலைபேசிக் கோபுரங்களைப் பழுது பார்க்கும் கம்பனி ஒன்றில் வேலை. தேத்தண்ணி குடித்தார்கள், முறுக்கைக் கடித்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். எழும்புகிற நேரத்தில் பையனின் தாய் கேட்டுவிட்டாள்.

"ஏண்ணே, ஒங்களுக்கு ஏன் அப்புடி ஒரு பேரு?"

ஆண்டியப்பன் தரையைப் பார்த்தார். "சின்னதுல இருந்தே அப்புடித்தாங்க," என்றார்.

ஒரு வாரத்தில் பதில் சொல்கிறோம் என்று போனவர்களிடமிருந்து ஒரு வாரம் கழிந்தும் ஒரு பேச்சும் இல்லை. சுலக்ஷனா தகப்பனோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் வேலைக்குப் புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "பேரக் கேட்டு ஓடிட்டாங்க. மடையன் மகளக் கட்டுனா புள்ளைங்களும் மடையனாத்தானே பொறக்கும்."

அவர் மனைவி பேச்சியம்மா, "வாய மூடுடி!" என்று கையை ஓங்கினாள். மகள் அதற்குள் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஆண்டியப்பன் ஒன்றும் பேசவில்லை. எப்போதுமே அவர் அப்படித்தான். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்றால், பக்கத்து நிரையில் வெட்டுகிறவன் உலகத்துக் கதையெல்லாம் பேசி முடித்திருப்பான், இவர் "ம்" என்று இரண்டு தடவை சொல்லியிருப்பார். ஆனால் இவர் வெட்டிய செடி தாம்பாளம் மாதிரித் தட்டையாக நிற்கும்.

அந்தப் பெயரோடு அவர் ஐம்பது வருடத்துக்கு மேல் காலம் தள்ளிவிட்டார். மடையனுக்கும் மடையானுக்கும் நடுவே ஒரு கால்தானே வித்தியாசம்? அதை யார் பார்க்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கணக்குக் கேட்டு இவர் விழித்தபோது, "பேருக்கேத்த புள்ள" என்றார். வகுப்பே சிரித்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிடும்போது "ஆண்டியப்பன்" என்பார், பின்னால் நிற்கிறவர்கள் "மடையான்!" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு இருமுவார்கள். கலியாணமாகி வந்த புதிதில் பேச்சியம்மாவைப் பீலிக்கரையில் ஒருத்தி "மடையான் பொண்டாட்டி, வாளிய நகத்து" என்று சொல்லப்போய், பேச்சியம்மா வாளியை நகர்த்தவில்லை, தூக்கிவிட்டாள். தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து சமாதானம் பேச வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பெயரில் ஒரு பறவை இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஆற்றோரத்திலும், தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்திலும் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்குமே, சேற்று நிறத்தில் ஒரு சின்னக் கொக்கு, அதுதான். ஆள் பக்கத்தில் போகிறவரை அசையாது. கல் எது கொக்கு எது என்று தெரியாது. அணைக்கட்டில் வேலை பார்த்த சுனில், விடுமுறை நாளில் தூண்டிலோடு வந்து ஆண்டியப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்கிறவன், ஒருநாள் அதைக் காட்டி, "கண கொக்கா" என்றான். சிங்களத்தில் குருட்டுக் கொக்கு என்று அர்த்தமாம்.

"ஒங்க ஆளு மடையன் சொல்றது, எங்க ஆளு குருடன் சொல்றது. பாவம்தானே மச்சாங் இந்தக் குருவி? அது யாருக்கு என்னா செஞ்சது?"

ஆண்டியப்பன் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அவருக்குள் அதுவே ஓடியது. ஆள் வருவது தெரியாமல் நிற்கிற மக்குக் கொக்கு, அதனால் அதற்கு மடையான் என்று பெயர். வாய் பேசாமல் நிற்கிற மக்குப் பிள்ளை, அதனால் எனக்கும் அதே பெயர். அவர் போட்டு வைத்திருந்த கணக்கு இவ்வளவுதான்.

அந்தப் பெயரை வைத்தது அக்கா அம்மாக்கண்ணு என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். தாய் கொழுந்து பறிக்கப் போனால் அவரை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள்தான். ரொட்டியில் கருகாத பக்கத்தை அவருக்குப் பிய்த்துக் கொடுத்தவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் எப்படி அந்தப் பெயரை வைத்தாள் என்பது மட்டும் அவர் நெஞ்சில் ஒரு சிராய் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. அப்பாவிடமோ அவளிடமோ கேட்டுவிடலாம்தான். கேட்டு, ஆமாம் நீ மக்குப் பிள்ளைதானே என்று அவள் சிரித்துவிட்டால்?

கேட்பதற்குள் அவள் போயும் விட்டாள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் புருஷன் வீட்டாருக்குப் பாஸ்போட் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அட்டன் ஸ்டேஷனில் அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். ஏறுகிறவர்களும் அழுவார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுவார்கள், பெட்டி தூக்குகிறவன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வான். வயிற்றில் பிள்ளையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணு, கோச்சி நகர்ந்ததும் எழும்பி, பாதி உடம்பை வெளியே போட்டு, "மடையான்! டேய் மடையான்! இங்க பாருடா!" என்று கத்தினாள். மேடையில் நின்ற வேறு தோட்டத்துப் பையன்கள் அந்த அழுகைக்கு நடுவிலும் களுக்கென்று சிரித்தார்கள். மீசை அரும்புகிற வயது ஆண்டியப்பனுக்கு. அவர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். கோச்சியின் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த பிறகுதான் வெளியே வந்தார்.

கடிதங்கள் சில வருடம் வந்தன. பிறகு கலவரம் வந்தது, கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. அப்பா செத்ததும் அம்மா செத்ததும் அவளுக்கு மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. இந்தக் காலத்தில், அக்காவின் மகள் எப்படியோ சுலக்ஷனாவைப் போனில் தேடிப் பிடித்த பிறகுதான் மறுபடியும் குரல் கேட்டது. திருச்சிக்குப் பக்கத்தில், முசிறிப் பக்கம் ஒரு கிராமம். நெல் வயல், வாய்க்கால். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வீடியோவில் அக்காவின் முகம் சில நேரம் நெற்றி மட்டும் தெரியும், சில நேரம் மேல்கூரை மட்டும் தெரியும்.

பெண் பார்த்துப் போனவர்கள் பதில் சொல்லாமல் இருந்த அந்த நாட்களில்தான் அக்கா வருகிறாள் என்று செய்தி வந்தது. ஊர்க்காரர்கள் சிலர் கதிர்காமம் பார்க்கக் கிளம்புகிறார்களாம். அவர்களோடு விமானம் ஏறி வந்து, பாதியில் பிரிந்து தம்பி வீட்டில் தங்கிவிட்டுப் போவாளாம்.

மாசி மாதத்து வெயில் நாளொன்றில் வேன் வந்து நின்றது. இறங்கிய கிழவியை ஆண்டியப்பனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கறுத்து, மெலிந்து, மூக்குத்தி மட்டும் பழையபடி மின்னிக்கொண்டு ஒருத்தி நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தாள். மூக்கை உயர்த்தி ஃபெக்டரிப் பக்கமிருந்து வந்த வாசத்தை இழுத்தாள். பிறகுதான் திரும்பி, லயமே கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"டேய் மடையான்! நரச்சுப் போயிட்டியேடா!"

ஓடி வந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆண்டியப்பனும் அழுதார். வாசலில் நின்ற சுலக்ஷனா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மாக்கண்ணுவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பேச்சியம்மாவைக் கூட்டிக்கொண்டு எல்லா இடத்தையும் பார்த்தாள். அவர்கள் பிறந்த லயத்துக்குப் போய், இப்போது அங்கே இருக்கிற பெண்ணிடம், "தாயி, ஒரு நிமிசம் உள்ள வந்துட்டுப் போறேன்" என்று கேட்டு, ஒற்றை அறைக் காம்பராவின் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவம் இருந்த இடத்தில் புதுக் கட்டடம் நின்றது. கருப்பந்தேயிலை என்கிற பெரிய யூகலிப்டஸ் மரம் ஒன்று இருந்ததே என்று தேடினாள், அது சாய்ந்து இருபது வருடம் இருக்கும் என்றார்கள். முசிறி வெயிலில் இத்தனை காலம் அவள் கனவு கண்ட குளிர் இப்போது அவளுக்கே ஒத்துக்கொள்ளவில்லை. சுலக்ஷனாவின் ஸ்வெட்டரையும் தம்பியின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அடுப்படியில் குந்திக்கொண்டாள்.

"அங்க என்னைய சாகுறவரைக்கும் சிலோன்காரின்னுதான் சொல்லப் போறாங்க பேச்சி. இங்க வந்தா இந்தியாக்காரின்னு வேடிக்க பாக்குறாங்க. நல்ல கூத்து, போ."

அன்று சாயங்காலம் எல்லோரும் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மடையானுக்கு இன்னொரு துண்டு வையி" என்றாள் அக்கா. சுலக்ஷனா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தை, தயவுசெஞ்சு அந்தப் பேரச் சொல்லாதீங்க. ஒங்களுக்கு வெளையாட்டு. நீங்க வச்சிட்டு ஒங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. ஊரெல்லாம் எங்கப்பாவ முட்டாள்னு கூப்புடுது. என்னையப் பாக்க வந்தவங்களும் அதக் கேட்டுட்டுத்தான் பேச்சே இல்லாமப் போயிட்டாங்க."

அம்மாக்கண்ணுவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"முட்டாள்னா? யாரு சொன்னா முட்டாள்னு?" அவள் தம்பியைப் பார்த்தாள். "நீயும் அப்புடித்தான் நெனச்சியா?"

ஆண்டியப்பன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் துண்டு அவர் விரலில் தூளாகிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி," என்றாள் அக்கா, சன்னமான குரலில். "இத்தனை வருசமாவாடா? போன்ல கூட ஒரு வார்த்த கேக்கலியேடா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறியதும் அக்கா எல்லோரையும் கிளப்பிவிட்டாள். தேயிலைக்கு நடுவில் போகிற குறுக்குப் பாதையில், ஒரு கையால் தம்பியையும் மறு கையால் சுலக்ஷனாவையும் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். பின்னால் பேச்சியம்மா வந்தாள். கீழே ஆறு மெலிந்து, கல்லுக்குக் கல் தாவி ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கான் ஒன்று வந்து ஆற்றில் விழுகிற இடத்தில் ஒரு மடு. அங்கே போனதும் அக்கா நின்றாள்.

"இந்த எடந்தான்."

அவர்களுக்கு நேர் எதிரே, சேற்றுத் திட்டில் அந்தக் கொக்கு நின்றுகொண்டிருந்தது. அது குஞ்சு பொரிக்கிற காலம். வழக்கமான அழுக்கு நிறம் போய், முதுகு நல்ல பாக்குச் சிவப்பில் இருந்தது. உச்சந்தலையிலிருந்து பிடரிக்குக் கீழேவரை வெள்ளையாக நீளக் கொண்டை தொங்கியது. காற்றடித்தபோது அது மட்டும் அசைந்தது. ஆண்டியப்பன் எத்தனையோ தடவை பார்த்த பறவைதான். ஆனால் நின்று பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பழக்கம்.

அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.

"ஒனக்கு அப்ப ரெண்டு வயசு இருக்கும். கதிரேசனுக்கு நேர்ந்துக்கிட்டு முடி எறக்காம வச்சிருந்தாங்க. அம்மா அதக் கூட்டி உச்சியில கொண்டையா முடிஞ்சு விட்டிருக்கும். சித்திர மாசம், மேல மலையில மழ பேஞ்சு ஆறு செவப்பா வந்துக்கிட்டு இருந்துச்சு. நான் பள்ளிக்கூடம் விட்டு ஒன்னைய எடுக்கப் பிள்ள மடுவத்துக்குப் போறேன், ஆயா 'அம்மாக்கண்ணு, நீதானே கூட்டிட்டுப் போன?'ங்குது. எனக்கு உசுரே இல்ல. லயம் லயமா ஓடினேன். எங்கயும் இல்ல. கடைசியா இந்தப் பாதையில எறங்கினேன். அப்ப இதெல்லாம் மானாப்புல்லு, ஆள் உசரம். கத்திக் கத்திக் கூப்புடுறேன், ஆத்துச் சத்தத்துல என் கொரலு எனக்கே கேக்கல. நீதான் பேசவே மாட்டியே, கூப்புட்டா மட்டும் பதில் சொல்லவா போற? சரி, போயிட்டான்னு நெனச்சிட்டேன்."

அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். சுலக்ஷனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"திரும்பி மேல ஓடப் பாத்தேன். அப்பத்தான், வெறும் சேறாக் கெடந்த எடத்துல இருந்து படார்னு வெள்ளையா ஒன்னு எழும்புச்சு. ஒரு வெள்ளச் சேலைய ஒதறுன மாதிரி. அது நிக்கிறப்ப சேறு மாதிரி இருக்கும், றெக்கைய விரிச்சாத்தான் அம்புட்டு வெள்ள. என்னான்னு பாக்குறேன், அது எழும்புன எடத்துக்கு ஒரு கை தள்ளி நீ நிக்கிற. முழங்கால் வரைக்கும் தண்ணி. கொண்டையத் தூக்கிக்கிட்டு, கையை நீட்டிக்கிட்டு, அசையாம நிக்கிற. அதப் புடிக்க இம்புட்டு நேரம் அது பக்கத்துலயே அது மாதிரியே நின்னிருக்க. இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தா மடு. நான் பாஞ்சு ஒன் கொண்டையப் புடிச்சுத்தான் இழுத்தேன்."

பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, 'அம்மா, மடையான்தாம்மா காட்டுச்சு'ன்னேன். அப்பா ஒன்னைய மடியில வச்சுக்கிட்டு, 'உசுரக் காத்தது அதுதானே, அது பேரச் சொல்லியே கூப்புடுவோம், கண்ணு படாம இருக்கட்டும்'னாரு. பிச்சைன்னும் குப்பைன்னும் புள்ளைக்குப் பேரு வைக்கிறது இல்லையா, அது மாதிரி. அன்னையில இருந்து நான் ஒன்னைய அப்புடிக் கூப்புட்டேன். அது வசவுன்னு எனக்கு ஒருநாளும் தோணலடா. ஒன்னையக் கும்புட்டுக் கூப்புடுற மாதிரிதான் எனக்கு."

ஆண்டியப்பன் நரைத்த உச்சந்தலையைத் தடவிக்கொண்டார். சுலக்ஷனாதான் கேட்டாள்.

"சரி அத்தை, அந்தக் கொக்குக்கு ஏன் மடையான்னு பேரு? அதுவும் மக்குங்கிறதாலதானே?"

"அதுதான் எங்கப்பாவுக்கும் தெரியல. 'எங்க ஐயா அப்புடித்தான் சொல்வாரு'ன்னுவாரு. நான் அங்க போய்த்தான் தெரிஞ்சுக்கிட்டேன்." அக்கா சிரித்தாள். "போன புதுசுல என்னைய நடவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நான் பொறந்ததுல இருந்து நெல்லுச் செடியவே பாத்ததில்ல. சேத்துல காலு வச்சதும் முழங்கால் வரைக்கும் பொதஞ்சுட்டேன். வயலே சிரிக்குது. 'சிலோன்காரி நாத்தைத் தலகீழா நடுறா'ங்குறாங்க. எனக்கு வந்த அழுகையில வரப்புல ஏறிப் போய் ஒரு ஓரமா நின்னேன். வாய்க்கால்ல இருந்து வயலுக்குத் தண்ணி பாயுற வாய் இருக்குல்ல, அதுக்குப் பேரு மடை. மம்பட்டியால மண்ண வெட்டித் தெறப்பாங்க, அடைப்பாங்க. அந்த மடை வாயில இது நிக்குது. இதே கொண்டையோட. தண்ணியில வர்ற மீனுக்குக் காத்துக்கிட்டு நிக்குது. எனக்கு ஒன் ஞாபகம் வந்துருச்சு. 'மடையான்'னு வாய் விட்டுச் சொல்லிட்டு ஓன்னு அழுதேன். நடவு நட்டவளுங்க ஓடி வந்து, 'அடியே, ஒனக்கு எப்புடி இந்தப் பேரு தெரியும்? சிலோன்லயும் மடை இருக்கா?'ன்னு கேட்டாளுங்க. அப்பத்தான் சொன்னாங்க, மடையில நிக்கிறதால அது மடையான்னு. நம்ம பாட்டன் பூட்டன் அந்த வயக்காட்டுல இருந்து வந்தவங்க. பேரக் கொண்டாந்துட்டாங்க. மடைய எப்புடிக் கொண்டாருவாங்க? இங்க ஏது நெல்லு, ஏது வாய்க்கா? தேயிலைக்குக் கான்தான் இருக்கு. அதான் கேட்டவங்க எல்லாம் மடையன்னு நெனச்சுக்கிட்டாங்க."

அன்றைக்குப் பிறகு அந்த வயலில் தன்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்றாள். நாற்று நடச் சொல்லிக் கொடுத்தார்களாம். மதியக் கஞ்சியில் பங்கும் கொடுத்தார்களாம்.

கொக்கு ஓர் அடி எடுத்து வைத்தது. கழுத்தை நீட்டியது, தண்ணீருக்குள் குத்தியது. வாயில் ஏதோ வெள்ளியாய் மின்னியது. அது மக்குப் பறவை என்று அந்த மீனிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆண்டியப்பன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா," என்றார். "கோச்சியில நீ கூப்புட்டப்ப நான் தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்."

"தெரியும். ஒன் சட்ட தெரிஞ்சுச்சு," என்றாள் அம்மாக்கண்ணு. "கப்பலேறி மண்டபம் கேம்ப் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த நீலச் சட்டைதான் என் கண்ணுல இருந்துச்சு."

தலவாக்கலைக்காரர்களின் விஷயம் அதற்குப் பிறகு இரண்டு நாளில் தானாகவே தெளிந்தது. நிரோஷனே சுலக்ஷனா வேலை செய்கிற மருந்துக் கடைக்கு வந்து நின்றான். பெண் பார்த்துப் போன மறுநாளே அவன் தாய்க்குச் சீனி ஏறி மயங்கி விழுந்து, இன்னும் நுவரெலியா ஆஸ்பத்திரியில்தான் வைத்திருக்கிறார்களாம். அந்த அல்லாட்டத்தில் யாருக்கும் பதில் சொல்ல நினைவில்லை. வீட்டுக்குப் போன பிறகு பெயர் பற்றி அவர்கள் யாரும் பேசியதே இல்லையாம். ஆண்டியப்பனும் அக்காவும் பழம் வாங்கிக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போனார்கள். அம்மாக்கண்ணு சும்மா இருப்பாளா? கட்டிலில் உட்கார்ந்து, கான் ஓரத்துக் கொக்கிலிருந்து முசிறி வயல்வரை முழுக் கதையையும் மறுபடியும் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் எழும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.

நிரோஷனின் தாய் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒங்களுக்காச்சும் காரணம் இருக்குண்ணே," என்றாள். "எங்க வீட்டுக்காரர சாகுறவரைக்கும் 'போத்தல்'னுதான் கூப்புட்டாங்க. மனுசன் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியல."

வைகாசியில் கலியாணம் என்று முடிவானது. அம்மாக்கண்ணுவுக்கு அவ்வளவு நாள் விசா இல்லை. கூட வந்தவர்களோடு திரும்பிப் போனாள். போகும்போது தேயிலைத் தூள், பேச்சியம்மா இடித்த மிளகாய்த்தூள், பிறந்த லயத்துச் சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு சுண்ணாம்புச் சில்லு, எல்லாவற்றையும் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். இங்கேயே இருந்துவிடேன் என்று ஆண்டியப்பன் கேட்டார். "அங்க எம்புள்ளைங்க இருக்கு, அவரப் பொதச்ச மண்ணு இருக்கு. எனக்கு ரெண்டு எடமும் வேணும்டா, என்னா செய்யிறது?" என்றாள். வேன் புறப்பட்டபோது அவர் அது கண்ணுக்குத் தெரிகிற தூரமெல்லாம் பக்கத்திலேயே நடந்தார்.

கலியாணத்தன்று வீடியோவில் காட்டுவதாக ஏற்பாடு. தலவாக்கலை மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து மழை அடித்து, சிக்னல் அறுந்துவிட்டது. கோபுரம் பழுது பார்க்கிற மாப்பிள்ளை மணவறையில் மாலையோடு உட்கார்ந்துகொண்டு தலையில் கை வைத்தான். கிடைத்த கொஞ்ச நேரத்திலும் அக்கா பார்த்தது யாரோ ஒருவரின் முதுகும் ஒரு குத்துவிளக்கும்தான்.

மறுநாள் காலையிலேயே அவளிடமிருந்து அழைப்பு வந்தது. "ஒன்னுமே தெரியலடா. ஒருத்தன் முதுகக் காட்டிக்கிட்டுக் குறுக்கால நின்னுக்கிட்டே இருந்தான். நீ சொல்லு, எப்புடி நடந்துச்சு? மொதல்ல இருந்து சொல்லு."

ஆண்டியப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். முதலில், விடியக்காலையில் பேச்சியம்மா சேலைக்கு ஊசி தேடியதைச் சொன்னார். பிறகு பஸ் இரண்டு வந்ததையும், ஒன்று அட்டன் சந்தியில் நின்றுபோனதையும், எல்லோரும் பட்டுச் சேலையோடு இறங்கித் தள்ளியதையும் சொன்னார். சுனில் வேட்டி கட்டிக்கொண்டு வந்து இரண்டு தடவை தடுக்கி விழுந்தது, ஹலீம் நானா சமையல்காரனோடு அரிசிக்காகச் சண்டை போட்டது, ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துப் பேசியது, தாலி முடிச்சுப் போட்டபோது சுலக்ஷனா கூட்டத்தில் தன்னைத் தேடிப் பார்த்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அக்கா நடுவில் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், "அப்புறம்?" என்றாள்.

உள்ளே மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா, யாரோ விருந்தாளி வந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக் கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். வெளியே யாரும் இல்லை. அவள் புருஷன்தான் கையை ஆட்டி ஆட்டி, பருப்பில் உப்பு ஒரு பிடி கூடிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.